உப்புத் தடவிய கன்றுக்குட்டி

போன வருடம் மாசி மாதம். சிம்பாங் பூலாயில் பார்த்துவந்த கல் உடைக்கும் வேலையை, மேற்பார்வை பார்க்கும் மண்டோரோடு வாய்த்தகராறு முற்றிப்போய் விட்டுவிட்டு, தோளில் ஒரு பையோடு ஈப்போ நகரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பழைய ரப்பர் தோட்டத்து மண்பாதையில் ஒரு மாட்டுக் காப்பகம் தெரிந்தது. தண்ணீர் கேட்கலாம் என்று போனேன்.

வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள்: 'இங்கே பால் கறப்பதில்லை.' எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே, காப்பகத்தை நடத்தும் அக்கா பால்மாவு கரைத்த போத்தலோடு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் தாயில்லாமல் கிடந்த கன்று ஒன்று, தூக்கி வந்ததிலிருந்து போத்தலில் வாயே வைக்கவில்லையாம். பக்கத்தில் ஒரு பசு. இறைச்சிக்குப் போகவிருந்ததை அவர்தான் மீட்டிருக்கிறார். அதன் கன்றைப் பண்ணையிலேயே பிரித்துவிட்டார்கள். மடி கல் மாதிரி வீங்கியிருந்தது.

"அக்கா, இப்படியே விட்டா மடிநோய் வந்துரும்லா. கறந்து விடுங்க."

"கறக்க மாட்டோம்னு சாமி முன்னால சொல்லியாச்சு தம்பி. டாக்டரு நாளைக்குத்தான் வாராரு."

"அப்ப இந்தக் கன்னு குடிக்கட்டுமே."

"விட்டுப் பாத்தாச்சு. எட்டி உதைக்குது."

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் தெலுக் இந்தானில் மாடு வளர்ப்பவர் ஒருவரிடம் வேலை செய்தபோது, கன்றை இழந்த பசுவோடு வேறு கன்றைச் சேர்த்துப் பழகியிருந்தேன். உப்பு கேட்டேன். கூடவே அந்தப் பசுவின் பால் ஒரு கையளவு வேண்டும் என்றேன்.

அக்கா பசுவின் வீங்கிய மடியைப் பார்த்தார். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். சட்டுனு கறந்துரு."

பாலில் உப்பைக் குழைத்துக் கன்றின் முதுகெல்லாம் தடவி, பசுவின் மூக்கருகே நிறுத்தினேன். மோந்தது. முட்ட வந்தது. மறுபடி மோந்தது. பிறகு நாக்கு நீண்டது. நக்கி நக்கிக் கன்றையே புரட்டிப் போட்டது. அது தட்டுத்தடுமாறி எழுந்து, தானாகவே மடியைத் தேடிப் போய் முட்டியது. உதை விழவில்லை.

"குடிக்குது தம்பி! குடிக்குது!" அக்கா குதித்ததில் ஒரு செருப்பு பறந்து சாணியில் விழுந்தது.

அதைத் துடைத்துக்கொண்டே, "எங்க போறே?" என்றார்.

"வேலை தேடித்தான்."

"இங்க சாணி இருக்கு, நெறைய."

மறுநாள் காலை மண்வெட்டியோடு தொழுவத்தில் இறங்கினேன். வயிற்றுக்காக எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன், ஆனால் சீட்டியடித்துக்கொண்டே செய்யும் வேலையும் உலகத்தில் உண்டு என்று இந்தச் சாணி அள்ளும் வேலையில்தான் தெரிந்துகொண்டேன்.