மஞ்சள் பனியனும் என் கடை ஷட்டரும்

கால்பந்து ரசிகன் என்றால் கையில் உடைந்த நாற்காலிக் கால் ஒன்று இருக்கும் என்று நான் மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தேன். ஃபோனில் வரும் வெளிநாட்டு வீடியோக்கள் தந்த ஞானம். நாற்காலி வீசாத ரசிகனை எவன் வீடியோ எடுக்கிறான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மும்பை தாராவியில் என் தோல்பை கடைக்கு வெளியே டோல் மேளச் சத்தமும் கூச்சலும். எட்டிப் பார்த்தால் முனையில் மஞ்சள் பனியன் போட்ட கும்பல் திரும்புகிறது. டப்பென்று ஷட்டரை இறக்கினேன். எங்கள் சந்தில் ஷட்டர் கொட்டாவி மாதிரி. ஒருத்தன் விட்டால் எல்லோருக்கும் வரும். என்னைப் பார்த்து டீக்கடை, டீக்கடையைப் பார்த்து மொபைல் கடை. சந்தே மூடியதைப் பார்த்த போலீஸ்காரர் வேனைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் மேசைக்கு அடியில் இருந்தேன். கையில் கத்திரிக்கோல், வெட்டும் பக்கத்தைப் பிடித்தபடி. பெண்டாட்டி ஃபோன் செய்தாள்.

"தம்பியப் போலீஸ் புடிச்சு வச்சிருக்காவளாம். நீங்க எங்க இருக்கிய?"

கடையில் என்றேன்.

"கடைக்கு முன்னாலதான் உக்கார வச்சிருக்காவோ."

மச்சினன் தையல்காரன். கல்ஃப் வேலை ஒன்று கூடி வந்திருந்தது. அடுத்த வாரம் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை. கேஸ் விழுந்தால் வேலை போச்சு. ஷட்டரைத் தூக்கினேன். மஞ்சள் பனியன்காரர்கள் சாக்கடை ஓரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், நடுவில் மச்சினன். நாற்காலிக் கால் எவனிடமும் இல்லை. ஒருத்தனிடம் பாதி தின்ற வடாபாவ் இருந்தது.

இவர்கள் என்ன செய்தார்கள், ஏன் மூடினாய் என்று இன்ஸ்பெக்டர் கடை கடையாகக் கேட்டு வந்தார். மொபைல் கடைக்காரர் டீக்கடையைக் காட்டினார். டீக்கடைக்காரர் என்னைக் காட்டினார். எனக்குக் காட்ட ஆளில்லை.

"இவங்க ஒண்ணும் செய்யல சாப். பயந்து மூடினது நான்தான்."

"நீ என்ன பார்த்தே?"

"ஒண்ணும் பார்க்கல சாப். ஷட்டர் மூடியிருந்துச்சு."

"போதும் மச்சான், பேசாம நில்லுங்க" என்றான் மச்சினன், குந்தியபடியே.

எல்லாரும் ஒரே பனியன், அதுவே கும்பல்தானே என்றார் இன்ஸ்பெக்டர். கல்யாண பேண்டுக்காரனும் ஒரே சட்டைதான் சாப் என்றேன். என் குரல் எனக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கல்யாண் ஸ்டேஷனிலிருந்து வந்தது போலிருந்தது.

லேபர் கேம்ப் மைதானத்தில் அவர்களுடைய டீம் ஜெயித்திருந்தது. பாடிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நடந்தது அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் கேஸ் எழுதாமல் விட்டுவிட்டார். மச்சினனுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பிடுங்கி வேனில் போட்ட டோலை மட்டும் போலீஸ் திருப்பித் தரவில்லை.