இறங்கிப் போன வலி

ஐந்தருவியில் சுடலைமுத்துவிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்காருகிறவர்கள் ஒரு கதையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவர் மகன் இசக்கிராஜாவுக்கு ஒன்பது வயதில் தொண்டை வலி வந்து, தானாக ஆறியது. பதினைந்து நாள் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கியது. சாரலில் நனைந்ததால் வந்தது என்று நினைத்த சுடலைமுத்து எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தார். வலி கணுக்காலுக்குப் போனது. அங்கே தேய்த்தார், முழங்கைக்கு ஓடியது. விரட்டி விரட்டித் தேய்த்து, மூன்றாவது வாரம் உடம்பை விட்டே இறக்கினார்.

"இந்தக் கைதான் அண்ணாச்சி, பிள்ளையை ஓட வச்சிச்சி!"

அருவிச் சத்தத்தில் கதை பாதி கரைந்துபோகும். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சாரல் புகைபோல இறங்க, கண் சொருகி உட்கார்ந்திருப்பவர்களின் முதுகில் கை தானாகப் போய்வரும். கனவில் நீந்துவது போலிருக்கும் அவருக்கு.

போலீஸ் தேர்வுக்காகத் தென்காசி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த இசக்கிராஜா, இருபத்தொரு வயதில், இந்த ஆனி மாதம் இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டிக் குனிந்து நின்றுவிட்டான். படுத்தால் இருமல். மூன்று தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினான்.

"ஏலே, வேலை கெடைக்கதுக்கு முன்னாலேயே நைட் டூட்டியா?" என்று கேலி செய்த சுடலைமுத்து, மறுநாளே அவனை இதய மருத்துவர் நிர்மலாதேவியிடம் கூட்டிப்போனார்.

எக்கோ ஸ்கேன் எடுத்த மருத்துவர் கேட்டார்: "சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கிச்சா?"

சுடலைமுத்துவின் முகம் மலர்ந்தது. முழங்காலிலிருந்து முழங்கை வரை ஒன்று விடாமல் சொன்னார். "நான்தான் தேய்ச்சு எறக்குனேன் டாக்டர்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தேய்க்காட்டாலும் அந்த வலி போயிருக்கும். இந்தக் காய்ச்சல்ல அது எடம் மாறி மாறித் தானாப் போயிரும். தொண்டையில வந்த கிருமியோட சண்டை போடுத உடம்பு, சில பிள்ளைகளுக்கு இதயத்தையும் சேத்துத் தாக்கிரும். வால்வுல பட்ட புண் தழும்பாகி, இப்போ அது பாதிகூடத் தொறக்கல. ரத்தம் நுரையீரல்ல தேங்குது. அதான் மூச்சு முட்டுது."

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?"

"தொடர்ந்து ஊசி போட்டிருந்தா இவ்வளவு தூரம் வராமத் தடுத்திருக்கலாம்."

மருத்துவர் சுடலைமுத்துவின் கையை எடுத்து மகனின் இடது மார்புக்குக் கீழே வைத்தார். "பாருங்க."

உள்ளங்கையில் ஒரு நடுக்கம். அருவியை ஒட்டிய பாறையில் கை வைத்தால் இப்படித்தான் இருக்கும். தண்ணீர் தெரியாது, அதன் வேகம் மட்டும் கல்லுக்குள் ஓடும். எத்தனை ஆயிரம் உடம்பைத் தொட்ட கை. இங்கே வைத்துப் பார்த்ததில்லையே.

"கைய எடுங்கப்பா, கூசுது," என்றான் இசக்கிராஜா.

திருநெல்வேலியில் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனை அனுப்பி வால்வை விரித்தார்கள். அந்தக் காய்ச்சல் திரும்பி வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி, பல வருடங்களுக்கு. முதல் ஊசியில் அவன் நொண்டியதும் சுடலைமுத்துவின் கை தானாக நீண்டது.

"தேய்க்கப்பிடாது!" என்று நர்ஸ் அதட்டினார். சுடலைமுத்து கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஓடலாமா என்பதற்கு மருத்துவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அவன் ஒரே தலையணையில் மல்லாந்து தூங்கினான். சுடலைமுத்து மெல்ல அவன் மார்பில் கை வைத்துப் பார்த்தார். நடுக்கம் அடங்கியிருந்தது.

ஆடிக் கடைசியில்தான் அருவிக்குத் திரும்பினார். வருடா வருடம் வரும் ராயகிரிக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "என்ன, இன்னைக்குக் கதை இல்லையா? மவன் கால் வலிய எறக்குனீரே?"

பக்கத்தில் இன்னொருவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சிவசைலம் குனிந்து கிசுகிசுத்தார்: "எறக்குனதோட நிறுத்திக்கிடும்வே. மிச்சத்தச் சொன்னா எவன் முதுகைக் குடுப்பான்?"

சுடலைமுத்து ஈரப் பாறையில் உள்ளங்கையை வைத்தார். கல் நடுங்கியது.

"வலி எறங்கல அண்ணாச்சி, உள்ள போயிட்டு," என்று ஆரம்பித்தார், அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி.