எங்கப்பா புளூவில் இருந்தார்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றுவிட்டவள். எந்த இடத்தில் ஒற்று போடுவது என்று இன்றுவரை தெரியாது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், நடுவில் மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே எழுந்து ஓடிவிடுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பிள்ளை எழுதிய சில வரிகள் இப்போது என் ஞாபகத்தில்தான் கிடக்கின்றன. என் ஞாபகமோ ஓட்டைக் குடம். ஒழுகித் தீர்வதற்குள் இறக்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஓர் ஊரில், நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா வேலை பார்த்தேன். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மணி அடிப்பது. பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலும் தோல் கம்பெனியில் இருப்பார்கள். அம்மாக்கள் ஷூ கம்பெனிக்கு வேனில் போவார்கள். பள்ளிக்கூடம் எட்டாவது வரைக்கும்தான். ஒன்பதாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும். போகிற பிள்ளைகள் போகும். போகாத பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வருஷம் தெற்கே இருந்து ஒரு தமிழ் மிஸ் மாற்றலாகி வந்தார். எங்கள் பிள்ளைகள் "இன்னா மிஸ்" என்றால் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் "என்னம்மா" என்று இழுத்தால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவர் பாடம் நடத்த மாட்டார். எழுத்து விளையாட்டு என்பார். ஒரு துணிப்பைக்குள் எதையோ போட்டு வைப்பார். பார்க்காமல் கையை விட்டு, தொட்டது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். ஒரு பையன் "செத்த பல்லி மிஸ்" என்று கையை உதறினான். எடுத்துப் பார்த்தால் ஈர ரிப்பன். இன்னொரு நாள், ஒரே தாளில் ஆளுக்கு ஒரு வரி எழுதி மடித்து அடுத்தவரிடம் தர வேண்டும். முன்னால் எழுதியவர் என்ன எழுதினார் என்று பார்க்கக் கூடாது. கடைசியில் பிரித்துப் படித்தார்கள். "ராஜா காலையில் எழுந்தார். கம்பெனி வேன் போய்விட்டது. ராணி அழுதாள். பிரியாணியில் எலும்பு ஜாஸ்தி." வெளியே பெருக்கிக்கொண்டிருந்த நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மிஸ் பார்த்துவிட்டார்.

"ஆயா, நீங்களும் வாங்க. ஒரு வரி எழுதுங்க."

"அய்யோ வேணாம் மிஸ்," என்று துடைப்பத்தோடு ஓடிவிட்டேன்.

கதவு ஓரத்துப் பெஞ்சில் எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி உட்காருவாள். நான் பெருக்கும்போது காலைத் தூக்கி வழி விடுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் அப்பா தோல் கம்பெனியில் இருந்து, கையெல்லாம் வெடித்து, டாக்டர் சொன்னதால் வேலையை விட்டு வீட்டில் இருந்தார். அம்மா ஷூவின் மேல் பாகத்தை வாங்கி வந்து வீட்டில் கையால் தைத்துக் கொடுப்பாள். அதற்கு அப்பர் என்று பெயர். பிள்ளையும் கூட உட்கார்ந்து தைக்கும். விரல் நுனியில் ஊசிக் குத்து இருக்கும். ஒருநாள் குழாயடியில் அவள் அம்மா என்னிடம் சொன்னாள்.

"எட்டாவது முடியட்டும் ஆயா. பேரணாம்பட்டுல நாத்தனார் ஊட்டுக்கு அனுப்பிடப் போறேன். பீடி சுத்தினா சாப்பாட்டுக்காவது ஆவும்."

"படிக்கிற பிள்ளைம்மா அது."

"யாரு இல்லன்னா? படிக்கிறதுக்கு வவுறு ஒத்துக்கணுமே."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி நிறம் எழுதிய வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். மிஸ் கரும்பலகையில் நீலம் என்று பெரிதாக எழுதினார். இந்தச் சொல்லைக் கேட்டதும் மனசில் வருவதை எழுதுங்கள் என்றார். முன் பெஞ்சுப் பையன் எழுதாமலே சொன்னான்.

"தோலு மிஸ்."

"தோல் எப்படிடா நீலமா இருக்கும்? வானம் சொல்லு, கடல் சொல்லு, மயில் கழுத்து சொல்லு."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸுக்கு ஏன் என்று புரியவில்லை.

"மிஸ்ஸுக்குப் புளூ தெரியாதாம்டா."

"எங்கப்பா புளூல இருக்கார் மிஸ்."

"எங்க மாமாவும் புளூதான் மிஸ். மொதல்ல சுண்ணாம்புல இருந்தாரு. அது பேஜார்னு மாத்திக்கினாரு."

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அட கடவுளே. அப்பாவுக்கு என்ன வேலைன்னு கேட்டப்ப பாதிப் பேரு புளூன்னு சொன்னீங்க. நான் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவங்கன்னு நெனச்சுட்டேன்."

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள், மிஸ்ஸும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் ஆளுக்கு ஆள் அவருக்குப் பாடம் எடுத்தார்கள். உப்புப் போட்ட தோல் வரும். சுண்ணாம்பில் ஊறும். பிறகு பெரிய மர ட்ரம்மில் மருந்தோடு சுற்றும். வெளியே வரும்போது ஈரமாக, வெளிர் நீலமாக இருக்கும். அதுதான் புளூ. எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வெளியூர்க்காரர்கள் கறுப்பும் பழுப்புமாகச் செருப்பைத்தான் பார்த்திருப்பார்கள். அதற்கு முன்னால் அது நீலமாக இருந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் எழுதினார்கள். மிஸ் ஒவ்வொன்றாகப் படித்தார். கதவு ஓரத்துப் பெண்ணின் தாளை எடுத்துப் பாதி படித்துவிட்டு நிறுத்தினார். பிறகு முதலிலிருந்து மெதுவாகப் படித்தார். எனக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"எங்கப்பா புளூவில் இருந்தார். காலையில் போகும்போது அவர் கை அவர் கலரில் இருக்கும். திரும்பி வரும்போது கம்பெனி கலரில் இருக்கும். சோறு பிசையும்போது சோறு ரொம்ப வெள்ளையாகத் தெரியும். நான் சின்னப் பிள்ளையில், அப்பா வானத்தைத் தொட்டுவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பா கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, வானமாக இருந்தால் இப்படி அரிக்குமா என்றாள்."

இதற்கு மேலும் ஒரு வரி இருந்தது. அது எனக்கு வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நான் மணி அடிக்க மறந்துபோய், தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தபிறகுதான் ஓடினேன்.

பீடி சங்கதியை நான்தான் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் எங்கெங்கோ போன் போட்டு விசாரித்தார். வேலூரில் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். நன்றாக எழுதுகிற பிள்ளைகளுக்குத் தனியாகப் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்வார்களாம். கிடைத்தால் பன்னிரண்டாவது வரைக்கும் சாப்பாடு, படிப்பு, படுக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. மிஸ் வீட்டுக்கே போய்ப் பேசினார். அம்மாக்காரி அப்பர் தைத்துக்கொண்டே கேட்டாளாம். பிறகு, "கெடச்சா போவட்டும். கெடைக்கலன்னா பேரணாம்பட்டு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க," என்றாளாம்.

பரீட்சை அன்று மிஸ்ஸுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அப்பர் முடித்துக் கொடுக்கிற நாள். அப்பா, இந்தக் கையோடு நாலு பேர் நடுவில் வரமாட்டேன் என்றுவிட்டார். என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் பிள்ளை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தக்காளி சோற்று டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, பெரியவர்களை மரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். நான் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஏலகிரி பக்கத்து அம்மா ஒருத்தி விடவில்லை.

"பொண்ணுக்கு நீங்க பாட்டியா?"

"இல்லம்மா. ஆயா."

"ஆயான்னா பாட்டிதானே? அப்புறம் இன்னாத்துக்கு இல்லன்றீங்க?"

"பள்ளிக்கூடத்து ஆயாம்மா."

"அதானே பாத்தேன். சொந்தமா இருந்தா இந்நேரத்துக்குள்ள நாலு தரம் ஜன்னல எட்டிப் பாத்திருப்பீங்க."

அவள் தமாஷுக்குத்தான் சொன்னாள். அதற்கப்புறம் ஜன்னலைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்கள் பிள்ளை வெளியே வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"ஆயா, பிடிச்ச நிறம்னு வந்துச்சு. நான் புளூவே எழுதிட்டேன்."

"உள்ள இன்னா கேட்டாங்க?"

"தோலு எப்படிம்மா நீலமா இருக்கும்னு ஒரு சார் கேட்டாரு. ட்ரம்ல இருந்து வர்றப்ப அப்படித்தான் சார் இருக்கும்னு சொன்னேன். சிரிச்சாரு."

"எந்தச் சிரிப்பு? நம்ம மிஸ் சிரிச்சாங்களே, அப்படியா?"

அவள் யோசித்தாள். "தெரியல ஆயா. சார் சிரிப்பு."

பஸ்ஸில் திரும்பும்போது அந்த டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி கொடுத்தாள். விடுதியில் ஜன்னல் பக்கம் கட்டில் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன்.

சேர்த்துக்கொண்டவர்கள் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. மிஸ் போன் போட்டுக் கேட்டார். வராண்டாவில் நின்றுதான் பேசினார். நான் பக்கத்தில் குடிதண்ணீர்ப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "இல்ல சார், அது நிஜம் சார்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பரீட்சை வைத்தவர் வெளியூர்க்காரராம். பிள்ளை நன்றாக எழுதுகிறாள், ஆனால் கற்பனை அதிகம், தன் வாழ்க்கையில் பார்த்ததை எழுதப் பழகட்டும் என்று சொன்னாராம்.

மிஸ் அதைப் பிள்ளையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்குப் பொய் வராது, சொல்லிவிட்டார். அவள் அழவில்லை.

"அப்ப எங்கப்பா கை கற்பனையா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

மிஸ் விடவில்லை. இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, கையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நம்புவார்கள் என்றார். அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் தோளில் துண்டு போட்டுக்கொண்டு, அதன் முனையில் கையைச் சுற்றிக்கொண்டு வந்தார். வகுப்பு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"கையக் கொஞ்சம் காட்டுங்கண்ணே," என்றார் மிஸ்.

அவர் துண்டை விலக்கி நீட்டினார். மிஸ் செல்போனைத் தூக்கியவர் அப்படியே நின்றார். நானும் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, காய்ந்த புண். ஆனால் நிறம் எல்லாரையும் போலத்தான் இருந்தது. நகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், அதிலும் இல்லை.

"அது போய்டுச்சு மிஸ்," என்றார் அவர். "வேலைய வுட்டா கொஞ்ச நாள்ல போய்டும். இருந்தப்ப கல்லு வெச்சுத் தேச்சாலும் போவாது. இப்ப வேணும்ன்றப்ப இல்ல."

அவர் நீட்டிய கையை மடக்காமல் மிஸ்ஸைப் பார்த்தார்.

"ஒருநாளு கூலிக்கு வேணா உள்ள போய்ட்டு வரட்டுமா மிஸ்? சாயந்தரம் வந்து காட்றேன்."

"வேணாண்ணே," என்றார் மிஸ். செல்போனைப் பைக்குள் போட்டார். "டாக்டர் போகக் கூடாதுன்னாருல்ல. வேணாம்."

அந்தப் பிள்ளை கதவு ஓரத்துப் பெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து வந்து, துண்டை எடுத்து அப்பா கையில் மறுபடியும் சுற்றிவிட்டது. "ஊட்டுக்குப் போ நைனா, வெயில் ஏறுது," என்றது. அவர் போய்விட்டார். மிஸ் வெடிப்பையாவது போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாமே என்று எனக்குப் பிறகு தோன்றியது. ஆனால் அது நீலத்துக்குச் சாட்சி ஆகுமா?

பரீட்சைகள் முடிந்த பிறகு ஒருநாள் அவள் டீ.சி. வாங்கிக்கொண்டு போனாள். பேரணாம்பட்டு பஸ்ஸில் அவள் அம்மாதான் ஏற்றிவிட்டாளாம். என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். வந்துவிட்டுப் போனதாக மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். மிஸ்ஸும் அடுத்த வருஷம் தன் ஊர்ப் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வகுப்பில் பிள்ளைகள் எழுதி, கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த தாள்களை, கோடை லீவில் வெள்ளையடிக்க வந்தவர்கள் குப்பையோடு அள்ளிக் கொளுத்திவிட்டார்கள். வேலூரில் எழுதிய தாள் வேலூரோடு போயிற்று. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இப்போது கணக்கு நடக்கிறது என்கிறார்கள். எனக்கும் முட்டி வலி, வேலையை விட்டுவிட்டேன்.

அதனால்தான் எழுதினேன். அவள் எழுதியது கற்பனை இல்லை என்று சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்கே இரண்டு சந்தேகம் இருக்கிறது. அவள் அம்மா சொன்னது வானமாக இருந்தால் அரிக்குமா என்பதா, எரியுமா என்பதா? அரிக்குமா என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதும்போது எரியுமா என்றும் காதில் விழுகிறது. அதற்குப் பின்னால் இருந்த கடைசி வரியும் எனக்கு வரவில்லை. அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இல்லை, பேரணாம்பட்டுப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்தப் பெண்ணைப் பார்த்தால், அவளிடமே இதைக் காட்டிக் கேளுங்கள். நான் தப்பாக எழுதியிருந்தால் அடித்துவிட்டு, அவள் சொல்கிறபடி திருத்தி எழுதிவிடுங்கள்.