முதலில் வந்த செய்தி

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நான் கீரிக் கடற்கரைக்கு ஓடிப்போனபோது சங்கு குளிக்கும் அந்த மனிதரை ஏற்கெனவே அவருடைய வள்ளத்திலிருந்து இழுத்து விழுத்தியிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். எட்டுப் பேர். துடுப்பால் அடித்தார்கள், மரக்கோலால் அடித்தார்கள். கோல் முறிந்ததும் முறிந்த துண்டால் குத்தினார்கள். அவர் முகத்தை மணலுக்குள் புதைத்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தார். என் அண்ணன் குனிந்து அந்தக் கைகளைப் பிரித்துவிட்டு, இடது காதோடு சேர்த்து அறைந்தான்.

“எங்கடை கடலுக்கை வெடி போடுவியோடா? இந்தியாவிலயிருந்து இதுக்கோடா வந்தனீ?”

“நான் போடேல்லை, தம்பி. மாதாவாணை போடேல்லை. சங்கு குளிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“மெசின் பொய் சொல்லுமோடா?”

மெசின் என்று அவன் சொன்னது, கடலில் வெடி நடந்த இடத்தைக் காட்டும் என் கருவியை. அந்த நேரம் நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதவேண்டும். நான் மறிக்கவில்லை. மூச்சிரைக்க நின்று, நான் செய்த ஒன்று வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டேன்.

அடித்து ஓய்ந்ததும் அந்த எட்டுப் பேரும் அவருடைய வள்ளத்தைத் தூக்கி, அலை தொடாத மேட்டுக்குக் கொண்டுபோய், உடைமரங்களுக்கு நடுவே கவிழ்த்துவிட்டார்கள். எங்கள் கரையில் வள்ளம் இறக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் கேட்காமலே வந்து தோள் கொடுப்பார்கள். இனி அவருக்கு ஒருவரும் தோள் கொடுக்கக்கூடாது என்று மீனவர் சங்கத் தலைவர் சொன்னார். அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் கிடந்த இடத்தில் மணல் சிவந்து கட்டியாகியிருந்தது.

அண்ணன் ஏன் அப்படி அடித்தான் என்பது எனக்குத் தெரியும். யுத்தம் விட்டுப்போன வெடிமருந்து கரையெங்கும் கிடந்தது. அதைக் கிண்டியெடுத்துப் போத்தலில் அடைத்து, மீன் கொல்லக் கடலில் எறிந்தவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இருந்தார். ஒருநாள் திரி கட்டையாகி, எறியுமுன் வெடித்துவிட்டது. அவருடைய வலது கை மணிக்கட்டோடு பிய்ந்து தண்ணீரில் விழுந்ததைப் பக்கத்து வள்ளத்திலிருந்த அண்ணன் கண்டான். வெடி போட்ட இடத்தில் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதக்கும். வெளியே ஒரு கீறலும் இராது. வெட்டினால் நடுமுள்ளு முறிந்து, உள்ளே இரத்தம் உறைந்திருக்கும். குஞ்சும் சினையும் செத்துப்போன அந்தத் தண்ணீரில் பிறகு மாதக்கணக்கில் வலை வெறுமையாக வரும். வெடி என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்குக் கை எழும்பிவிடும்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து நாங்கள் ஊர் திரும்பியபோது, மீள்குடியேற்ற விண்ணப்பத்தைப் பதின்மூன்று வயதில் நான் நிரப்ப, அப்பா கைநாட்டு வைத்தார். பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஊரே பார்க்க பஸ் ஏறினேன். என்னை யாரும் திருத்துவது அதற்குப் பிறகு எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே எனக்கு முந்திய மாணவர்கள் கடலுக்கடியில் நடக்கும் வெடியைக் கேட்டறியும் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தார்கள். இறங்குதுறைப் பாலத்தில் மூன்று இடங்களில் தண்ணீருக்குள் ஒலிவாங்கிகள். மூன்றும் கம்பியால் ஒரே கணினிக்கு வரும். கணினிக்குள் நான்கு சிறிய நிரல்கள். மூன்று நிரல்கள் ஆளுக்கொரு ஒலிவாங்கியில் காது வைத்திருக்கும். வெடி கேட்டதும் ‘எனக்குக் கேட்டது’ என்று ஒரு செய்தியை வரிசையில் போடும். நான்காவது நிரல் அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எது முதலில் வந்தது, மற்றவை எவ்வளவு பிந்தி வந்தன என்று பார்த்து, வெடி நடந்த இடத்தைக் கணக்கிடும். ஒரே கணினிக்குள் செய்தி தொலைவதில்லை. ஒன்றை ஒன்று முந்துவதுமில்லை. கேட்ட ஒழுங்கும் வந்துசேர்ந்த ஒழுங்கும் ஒன்றுதான்.

அதைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோவது என் இறுதியாண்டு வேலை. அங்கே கம்பி இழுக்க முடியாது. மூன்று மிதவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய வானொலி, கரையில் கணினி. அந்த வானொலிக்குத் தனி நெறிமுறை உண்டு: ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கவேண்டும், கிடைத்தது என்ற பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்துத் திரும்ப அனுப்பவேண்டும். நான் பழைய ஏற்பாட்டின் அடிப்பகுதியை மட்டும் கழற்றினேன். ‘வரிசையில் போடு’ என்றிருந்த இடத்தில் ‘வானொலியில் அனுப்பு’ என்று எழுதினேன். மேலே இருந்த கணக்கில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. அதுதான் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

“நேரத்தை எங்கே குறிக்கிறீர்?” என்று விரிவுரையாளர் கேட்டார்.

“வந்துசேரும்போது, மிஸ். பழையதும் அப்படித்தான்.”

“கடலில் வைத்துப் பார்த்தீரா?”

“ஆய்வுகூட மேசையில் நூறு தரம் பார்த்துவிட்டேன்” என்றேன். மேசையில் மூன்று மிதவைகளும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன.

மிதவைகளை எங்கள் ஊர்க் கடலில் இறக்கினேன். வெடி நடந்த இடத்தைக் காட்டும் புள்ளி யாருக்குப் போகவேண்டும் என்பதை மீனவர் சங்கத் தலைவர் தீர்மானித்தார். நேவிக்கோ பொலிசுக்கோ போனால் எல்லாருடைய வள்ளத்தையும் பிடித்துவிடுவார்கள். தன் போனுக்கு நேரே வரட்டும் என்றார். கடல் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

“பிள்ளை, புள்ளி விழுந்தால் விழுந்ததுதானே?”

“ஓம் ஐயா. விழுந்தால் விழுந்ததுதான்.”

மூன்றாம் வாரம் விழுந்தது. மேற்கே, தனியாக ஒரு வள்ளம் நின்ற இடத்தில். அந்த வள்ளத்துக்காரர் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அடி நடந்த அன்று பின்னேரம், அறிக்கை எழுதுவதற்காகச் செய்திகளின் பதிவைத் திறந்தேன். கிழக்கு மிதவையின் செய்திக்குப் பக்கத்தில் ‘மூன்றாம் முயற்சி’ என்றிருந்தது. அது இரண்டு தரம் அனுப்பி, இரண்டு தரமும் மற்ற மிதவைகளின் பேச்சோடு மோதி, மூன்றாம் தரம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கடைசியாக வந்ததால் அதுவே தூரத்தில் இருந்தது என்று என் கணக்கு எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு மிதவையும் தான் கேட்ட சத்தத்தைச் செய்மதியிலிருந்து வரும் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒரு சிறிய நினைவக அட்டையில் பதிந்து வைத்திருக்கும். அதை எடுத்தால் உண்மை தெரியும். விடியவே அப்பாவை வள்ளம் எடுக்கச் சொன்னேன். போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எழுத்துப் பிழையோ?” என்று கேட்டார்.

“இல்லை அப்பா. முதல் வந்த செய்தியை முதல் கேட்ட செய்தி எண்டு நினைச்சிட்டன்.”

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “முகாமிலை நிவாரண வரிசையிலை எத்தினை நாள் நிண்டனீ? முன்னுக்கு நிக்கிறவன்தான் முதல் வந்தவன் எண்டு அங்கை ஆரும் நம்பினவையோ?”

மிதவைகளைத் திறந்து அட்டைகளை எடுத்தேன். மூன்றையும் மடிக்கணினியில் போட்டுக் கணித்தேன். வெடி நடந்தது கிழக்கே, அடிபட்டவர் நின்ற இடத்துக்கு நேர் மறுபக்கம். யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவர் போடவில்லை என்பது மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தான். கறி என் சட்டையெல்லாம் தெறித்தது.

“அடிச்சாப்பிறகு வந்து பிழையெண்டுறியோ? அப்ப நாங்கள் எட்டுப் பேரும் ஆர்? காடையரோ? வாயைப் பொத்திக்கொண்டு இரு.”

தலைவர் கோபிக்கவில்லை. “நேற்று ஒண்டு சொன்னனீ, இண்டைக்கு ஒண்டு சொல்லுறாய். நாளைக்கு என்ன சொல்லுவாய்? படிச்ச பிள்ளை, பேசாமல் இரு” என்றார்.

ஒன்பது நாட்கள் இருந்து திருத்தினேன். இம்முறை மேலே இருந்த கணக்கையே பிரித்தேன். கேட்ட நேரத்தை மிதவையே செய்மதியிலிருந்து எடுத்துச் செய்தியோடு அனுப்பவேண்டும். நான்காவது நிரல் அவசரப்படக்கூடாது. மூன்று செய்திகளும் வரும்வரை பொறுத்து, வந்த ஒழுங்கை மறந்து, கேட்ட நேரத்தின்படி அடுக்கவேண்டும். ஒரே செய்தி இரண்டு தரம் வந்தால் ஒன்றை எறிந்துவிடவேண்டும். ஒன்று வராமலே போனால் புள்ளி போடக்கூடாது. முதல் நாளே எழுதியிருக்கக்கூடிய வரிகள்தான் எல்லாம்.

பத்தாம் நாள் மேட்டுக்குப் போனேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கவிழ்ந்த வள்ளத்தின் நிழலில் இருந்தார். ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. காதுக்குள் பஞ்சு.

“அண்ணை, பிழை என்னிலைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காது கேளாது” என்றார். சுற்றி வந்து மறுபடி சொன்னேன்.

“காதுச் சவ்வு கிழிஞ்சிட்டுதாம். இனிச் சங்கு குளிக்கச் சுழியோடேலாது. வலையெண்டாலும் போட்டுப் பிழைக்கலாம், இந்த வள்ளம் இறங்கினால். உன்ரை மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்ய, பிள்ளை? வள்ளங்கள் கரைக்கு வரேக்கை எல்லாரும் நிப்பினம். என்னை அடிச்ச இடத்திலை நிண்டு சொல்லு.”

மறுநாள் காலை வள்ளங்கள் வந்து, மீன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவரை அடித்த இடத்தில் மடிக்கணினியைத் திறந்துகொண்டு போய் நின்றேன். “அண்டைக்கு நீங்கள் அடிச்சவர் வெடி போடேல்லை. என்ரை புரோகிராம் பிழை. நான் சரியாப் பாக்காமல் உங்களுக்குப் புள்ளி தந்தனான்” என்று கத்தினேன். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கை வருவதைக் கண்டேன், விலகவில்லை. உதடு பல்லில் கிழிந்து, இரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. யாரோ ஒரு கிழவி “ஐயோ, பொம்பிளைப் பிள்ளையை” என்று கத்தினாள்.

“இன்னும் வேணுமெண்டால் அடி, அண்ணா. ஆனால் பாத்துப்போட்டு அடி” என்றேன். “நீயே வள்ளத்தை எடு. எங்கையெண்டு எனக்குச் சொல்லாதை. நங்கூரத்தைத் தண்ணிக்குள்ளை விட்டு, இரும்பால அடி. நான் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிக்கிறன்.”

என்னைப் பொய்யாக்கும் ஆத்திரத்தில்தான் அவன் போனான். மெல்லிய சத்தமும் பிடிபடும்படி மிதவைகளை முன்னமே மாற்றியிருந்தேன். கணினியில் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுத் தலைவரின் கையில் கொடுத்தேன். முதல் அடிக்கு இரண்டு கணக்கும் ஒரே இடத்தைக் காட்டின. “பழையது சரிதானே” என்று ஒருவன் சிரித்தான். இரண்டாவது அடிக்கும் அப்படியே. மூன்றாவது அடிக்குப் புள்ளிகள் பிரிந்தன. தலைவர் அண்ணனுக்குப் போன் எடுத்து, நிற்கும் இடத்தை அவனுடைய ஜிபிஎஸ்ஸில் பார்த்துச் சொல்லச் சொன்னார். அவன் எண்களை வாசித்தான். புதிய புள்ளி அவன்மேல் இருந்தது.

“பழைய புள்ளி எங்கை?” என்று அப்பா கேட்டார்.

தலைவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கடலைப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். இன்னும் கரைக்கு வராமல் அந்த இடத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தது தலைவருடைய மகனின் வள்ளம். கரையில் நின்ற எல்லாருக்கும் அது தெரிந்தது.

“அப்ப மகனைக் கரைக்குக் கூப்பிடுங்கோ, தலைவர்” என்று அப்பா சொன்னார். “துடுப்பு இருக்கு. எட்டுப் பேரும் இருக்கினம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கணினியை மூடி என்னிடம் தந்தார். இனிப் புள்ளி எந்தப் போனுக்கும் நேரே போகாது, சங்கம் கூடி விசாரித்த பிறகுதான் யாரையும் கேட்கலாம் என்று நான் சொன்னபோது, அவர் மணலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

மேட்டுக்கு முதலில் போனவன், முறிந்த கோலால் அவரைக் குத்தியவன். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தான். பிறகு ஒவ்வொருவராக ஆறு பேர் வந்தார்கள். நிமிர்த்தினார்கள், நகரவில்லை. அவர்களோடு அப்பாவும் சேர்ந்தார். அடித்தவர்களில் எட்டாவது ஆள் கரைக்குத் திரும்பியிருந்தான். தன் வள்ளத்தை விட்டு இறங்காமல், எங்களுக்கு முதுகு காட்டி வலை மடித்துக்கொண்டிருந்தான். “அண்ணா” என்று ஒருதரம் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவனுடைய இடத்தில் நான் தோளை வைத்தேன். மூச்சுப் பிடித்துத் தள்ளியபோது உதட்டுக் காயம் மறுபடி திறந்தது.

வள்ளம் மணலைக் கீறிக்கொண்டு இறங்கித் தண்ணீரில் மிதந்தது. அவர் நொண்டியபடி வந்து ஏறினார். ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரும் அவரல்ல. இயந்திரத்தை இழுத்து முடுக்கி, வள்ளத்தைத் திருப்பினார். கரைப்பக்கம் இருந்தது அவருடைய கேளாத இடது காது. நான் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.