வெர்லாவின் வெள்ளைக் கையுறை

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைகளுக்கு ஆர்லிங் ஊர்ச் சர்ச் கூடத்தில் நடக்கும் கண்காட்சியில் பன்னிரண்டு வருடமாக வெர்லா ஹூபர்ட்டுக்கு ஒரே வேலைதான். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வரிசை நடுவே நிற்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் போர்வையைத் தொடக்கூடாது. பின்பக்கத் தையலைப் பார்க்க ஆசைப்பட்டால் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் ஓரத்தைத் தூக்கிக் காட்டுவாள். கணவன் இறந்த வருஷமும் வந்து நின்றாள், முட்டி வீங்கின வருஷமும் வந்து நின்றாள். பேச்சோடு பேச்சாக, "எங்க பையன் கர்ட்டிஸ் கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் உக்காந்து ஒண்ணு தைச்சேனே, அது இல்லாம அவனுக்குத் தூக்கமே வராது" என்பாள். அந்தச் சர்ச் கூடத்தில் அதைக் கேட்காத காது கிடையாது.

அந்த அக்டோபர் சனிக்கிழமை, 'தைத்தவர் தெரியாது' என்று அட்டை மாட்டிய வரிசையில் அதே போர்வை தொங்கியது.

சந்தேகப்பட வழியில்லை. நீலமும் சோள மஞ்சளுமாக நட்சத்திரங்கள். கீழ் வரிசையில் ஒன்றுக்கு மட்டும் நீலம் பற்றாமல் புருஷனின் பழைய வேலைச் சட்டையை வெட்டி வைத்திருந்தாள். ஓரத்தைத் திருப்பினாள். பெயரெழுதி அவள் தைத்திருந்த துண்டைக் காணோம். அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது. பிய்த்தெறியவில்லை, ஒவ்வொரு நூலாகப் பிரித்திருந்தார்கள். அதற்கு மட்டும் பொறுமை இருந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கர்ட்டிஸிடம் போனில் கேட்டாள். "போர்வை போத்திக்கிறீங்களாடா?" "ஆமாம்மா, கதகதன்னு இருக்கு" என்றான் டென்வரிலிருந்து.

அந்தப் போர்வையைக் கண்காட்சிக்குக் கொடுத்திருந்த கிரெட்டா வந்துவிட்டாள். போன வருஷம் குடிவந்தவள், வெள்ளந்தி.

"நல்லா இருக்குல்ல? டென்வர் போயிருந்தப்போ ஒரு பழைய சாமான் கடையில 'நாய்க்குப் போட'ன்னு எழுதி ஒரு பெட்டியில திணிச்சு வச்சிருந்தாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு, தூக்கிட்டு வந்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே" என்றாள் வெர்லா.

"இதைப் பாருங்க, கரையில இலைக்கு நடுவுல ஏதோ ரெண்டு எழுத்து மாதிரி தையல் ஓடுது. எனக்குப் புரியலை. ஜோலீன் இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லார் தையலையும் அடையாளம் சொல்லுவாங்களாமே? சாப்பிட்டுட்டுக் கூட்டிட்டு வரேன். தைச்ச புண்ணியவதி யாருன்னு தெரிஞ்சா இன்னிக்கே மேடையில பேர் சொல்லிடலாம்!"

பெயர்த்துண்டு போக, தையலிலும் தன் பெயரின் முதலெழுத்துகளை ஒளித்துவைக்கும் பழக்கம் வெர்லாவுக்கு. பிரித்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் கூட்டம் சூப்புக்கும் ஆப்பிள் பை பலகாரத்துக்கும் அடுத்த அறைக்குப் போனது. வெர்லா கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். கையுறையோடு அந்த வேலை ஆகாது. கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் கூடத்துப் போர்வை எதையும் அவள் வெறுங்கையால் தொட்டதில்லை. அந்த இரண்டு எழுத்தையும் பிரித்தாள், பதினேழு தையல். நூல் துணுக்குகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊசித் துளைகள் மூடட்டும் என்று நகத்தால் தேய்த்தாள். புதுத் துணியாக இருந்தால் மூடிக்கொள்ளும். இது ஆறு வருஷம் எங்கெங்கோ கிடந்து வெளுத்த துணி.

கிரெட்டாவோடு ஜோலீன் வந்தபோது கையுறை மறுபடி கையில் இருந்தது.

"எங்கேடி, அந்த அதிசயத்தைக் காட்டு."

வெர்லா ஓரத்தைத் தூக்கினாள். துளைகள் மேல் வைத்த கட்டைவிரலை நகர்த்தவில்லை.

"எழுத்து இங்கதானே இருந்துச்சு?" கிரெட்டா குனிந்து தேடினாள். "என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு போல."

ஜோலீன் கண்ணாடியை ஏற்றிவிட்டு நட்சத்திரங்களைப் பார்த்தாள், சட்டைத் துணியைப் பார்த்தாள், பிறகு கையுறையைப் பார்த்தாள்.

"கர்ட்டிஸுக்குத் தைச்சியே, அதுவும் நட்சத்திரம்தானே?"

"அதுல நீலம் இன்னும் ஜாஸ்தி" என்றாள் வெர்லா. "அவன் கட்டில்ல கிடக்கு."

ஜோலீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "யாரோ நல்ல கைக்காரி" என்றாள் கிரெட்டாவிடம். "எனக்கு ஆள் தெரியலைம்மா." போகிற போக்கில் வெர்லா பக்கம் திரும்பி, "ஆப்பிள் பை ஆறிப்போகுது, வந்து தின்னு" என்றாள்.

"யாராச்சும் பின்பக்கம் பாக்கணும்பாங்க. நான் இருக்கேன்."

கூடம் சாத்தும் வரைக்கும் அவள் அந்த ஓரத்தை விட்டு நகரவில்லை.