சவரிநாதனின் வலது கால்

பாலக்கரையில் எங்கள் தெருவில் வியாகுலம்மாளை யாரும் ஏமாற்றியதில்லை. அவள் யாரையும் நம்பியதில்லை என்பதுதான் காரணம். பால்காரன் அளப்பதற்கு முன் படியின் உள்ளே விரலை விட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். ஒருமுறை கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து என் அம்மாவிடம் சொன்னாள்: "சாமி உள்ள தூங்கிட்டாரோன்னு ஒரு சந்தேகம். ஒரே பாவத்த ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். ஒண்ணுமே கேக்கல."

அவள் என்னைத் தேடி வந்தது 1936-ல். நான் பி.ஏ. தேறி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

"தம்பி, பங்குச் சாமியாருக்கு ஒரு மனு எழுதணும்."

"என்னன்னு எழுதணும்க்கா?"

"எங்க வீட்டுக்காரரு கால தோண்டிப் பாக்கணும்னு."

அவள் புருஷன் சவரிநாதன் பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு இரும்புச் சக்கரம் சரிந்து அவர் வலது கால் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலைத் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்று வியாகுலம்மாள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உலகம் முடியும் நாளில் எழுந்திருக்க வேண்டிய சரீரம் அல்லவா? குப்பையில் போடுவார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். தன் பழைய சேலையில் காலைச் சுற்றி, தன் கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா படத் துணியான உத்தரியத்தைக் கழற்றி அந்தத் துணியின் மேலேயே தைத்து, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் பிச்சமுத்துவிடம் கொடுத்து அனுப்பினாள்.

சவரிநாதன் தூக்கத்துக்குப் பேர்போனவர். பட்டறைச் சங்கு ஊரையே எழுப்பும், அவரை எழுப்பாது. கால் போன பிறகு அந்தத் தூக்கமும் போய்விட்டது. இல்லாத காலில் அரிப்பு எடுக்கிறது என்பார். ஆறுதல் சொல்ல வந்த பங்குச் சாமியார், இந்த வேதனையை ஒப்புக்கொடுத்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் படவேண்டியது குறையும் என்றார். "அப்ப செத்த பிறகும் வேதனை இருக்கா சாமி?" என்று கேட்டார் சவரிநாதன். சுத்தமாகும் வரை இருக்கும் என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு லுத்தரன் கோவிலுக்குப் போனார். அங்கே குருவானவரை ஐயர் என்பார்கள். விசுவாசி செத்தால் கர்த்தருக்குள் நித்திரை அடைகிறான், எக்காளம் ஊதும்போது விழிக்கிறான், நடுவில் வேதனை கிடையாது என்று அந்த ஐயர் பிரசங்கம் செய்தார். நித்திரை என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே சவரிநாதன் அங்கே சேர்ந்துவிட்டார். கத்தோலிக்கர்களான எங்கள் ஆட்கள் லுத்தரன்களை வேதம் தப்பிய பதிதர் என்பார்கள். இரண்டே வருஷத்தில் அவர் பதிதராகவே செத்தார். இரண்டு மைல் தள்ளி அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று கல் நட்டார்கள்.

ஆக, உடம்பு அங்கே, கால் இங்கே. வியாகுலம்மாள் மட்டும் கத்தோலிக்கச்சியாகவே இருந்தாள்.

"இப்ப எதுக்கு அந்தக் காலப் பாக்கணும்?"

"அவரு எந்திரிக்கிற அன்னைக்கி எனக்கு வேணும். அதுக்கு மேல கேக்காத. சொன்னா நீ சிரிப்ப."

தெருவில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். பில்லி சூனியத்துக்கு எலும்பு கேட்கிறாளாம். சிரித்துத் தள்ளவேண்டிய பேச்சு. ஆனால் அன்று மனு எழுதும்போது என் பேனா இரண்டு இடத்தில் நின்றது. பட்டம் வாங்கியவன் எதை நம்புகிறான் பாருங்கள்.

மனுவைப் படித்த பங்குச் சாமியார் மடித்து என்னிடமே நீட்டினார். "கடல்ல மீனுக்கு எரையானவனையே ஆண்டவர் சேத்து எழுப்புவாரு. ஒரு காலுக்காக மண்ணக் கிளறணுமா?"

"அப்ப சவரிநாதனுக்கு அந்தக் கால் கிடைச்சிருமா சாமி?"

"கிடைக்கும். எல்லாரும் எழும்புவாங்க. எழும்பி மோட்சமா நரகமா, எந்தப் பக்கம் நிப்பான்னு கேக்காத. அவன் திருச்சபைய விட்டுப் போனவன்."

நானாகவே லுத்தரன் ஐயரிடமும் போனேன். அவர் பிரியமாக நாற்காலி போட்டார். "நெல்ல விதைச்சா அதே நெல்லா எழும்புது? விதைச்சது மக்கிப்போவும், எழும்புறது புதுசு. சவரிநாதனுக்கு அந்தக் காலே தேவப்படாது தம்பி."

இரண்டையும் வியாகுலம்மாளிடம் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"ஒருத்தரு ஒட்டித் தருவாங்கறாரு, இன்னொருத்தரு புதுசு தருவாங்கறாரு. ரெண்டு பேருல யாரு நேர்ல பாத்தது?"

செத்த உடல் எழும்பும் என்று ஞாயிறுதோறும் பூசையில் 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' சொல்கிறேன். சரீரம் என்றால் நகமும் முட்டியும் சேர்ந்ததா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கல்லூரியில் தர்க்கம் படித்தேன், அங்கேயும் இந்தக் கேள்வி வரவில்லை. அவள் நம்பாமல் கேட்கிறாள், நான் கேட்காமல் நம்புகிறேன். இதில் யாருக்கு விசுவாசம் அதிகம் என்று அன்று சந்தேகம் வந்தது. இன்றும் அது தீரவில்லை.

கடைசியில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பிச்சமுத்து மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வெச்ச?" என்றாள் வியாகுலம்மாள்.

"அதான் அன்னைக்கே சொன்னேனேம்மா. அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்னு கேட்டா அஞ்சு வருசமா கையக் கையக் காட்டுற. வா, வந்து நின்னு காட்டு."

அவர் தயங்கியபடி எழுந்து நடந்தார். வரிசையாக நட்டிருந்த சின்னக் கற்களைத் தாண்டி, மதில் ஓரத்தில் ஒரு முருங்கை மரத்தடியில் நின்றார். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளைப் புதைக்கும் மூலை அது. கற்களுக்கு இந்தப் பக்கம் சாமியார் மந்திரித்த மண், அந்தப் பக்கம் மந்திரிக்காதது.

"காலுக்கெல்லாம் செபம் கிடையாது, அங்கன வெச்சிருன்னு மணியடிக்கிற கோயில் பிள்ள சொன்னாரும்மா. நீங்க அழுவீங்கன்னு சொல்லல."

அவள் அழவில்லை. "துணி என்ன நெறம்?"

"பச்சை. கறுப்புக் கரை. மேல உத்தரியம் தெச்சிருந்துச்சு."

"உத்தரியம் மேல இருந்துச்சு சரி. மடிப்புக்குள்ள என்ன இருந்துச்சு?"

"மந்திரிச்ச குருத்தோலை."

"பிரிச்சுப் பாத்தியா நீ?"

பிச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "கால்னு சொல்லி வேற எதையாச்சும் குடுத்துட்டீங்களோன்னு ஒரு சந்தேகம்மா."

அவள் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன். சந்தேகப்பட்ட ஆளை மட்டும் அவளால் நம்ப முடிந்தது போலும்.

பிறகு அவள் செய்ததை இருவரும் எதிர்பார்க்கவில்லை. கல் வரிசைக்கு இந்தப் பக்கம், ஓரமாக, தரையில் மல்லாந்து படுத்தாள். வலது கையைக் கற்களுக்கு மேலாக நீட்டினாள். விரல்கள் முருங்கையின் அடியைத் தொட்டன.

"எட்டுது" என்றாள்.

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எக்காளம் ஊதினா அவரு எந்திரிச்சிருவாருன்னா நெனைக்கிற? பட்டறைச் சங்குக்கே எந்திரிக்காத மனுசன். தெனம் நான்தான் அந்த வலது கால் கட்டவிரலத் திருகுவேன். அதுக்குத்தான் எந்திரிப்பாரு. எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்ட பிறகு அவரு மட்டும் அங்க தூங்கிக்கிட்டு கெடந்தா?"

நான் சிரிக்கவில்லை. மனுவை மாற்றி எழுதினேன்: தான் இறந்தால் கல் வரிசையை ஒட்டிய கடைசி இடத்தில் புதைக்க வேண்டும். அது மந்திரித்த மண்தான், யாரும் விரும்பிக் கேட்காத இடம்தான். பங்குச் சாமியார் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தையும் அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943-ல் காய்ச்சலில் செத்தாள். சொன்ன இடத்தில்தான் குழி வெட்டியிருந்தார்கள். பெட்டியை இறக்கப் போகும் நேரத்தில் பார்த்தேன், அவள் வலது கை முருங்கைக்கு எதிரே, ஊர்ப் பக்கம் இருந்தது.

"திருப்பி வைங்க" என்றேன்.

"தல எப்பவும் இந்தப் பக்கம்தான் தம்பி" என்றார் பிச்சமுத்து. "எதுக்கு இப்பத் திருப்பச் சொல்றீங்க?"

"வலது கை முருங்கைப் பக்கம் வரணும்."

அவர் மரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை மாற்றிப் பிடித்தார்.