மழையில்லாத வெள்ளம்

மழை பெய்யாமலே வெள்ளம் வரும் என்று எழுதினால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் நீங்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பீர்கள். திருநெல்வேலிப் பக்கம் அது வருஷாவருஷம் நடக்கிறது. ஆனி பிறந்தால் இங்கே வானத்தில் ஒரு சொட்டு இராது, காற்றுதான். வண்ணார்பேட்டைத் தெருப் புழுதியெல்லாம் என் சோற்றுப் பானைக்குள் விழும். வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலில் ஆற்றுக்குக் குளிக்கப் போனால், நேற்றுவரை உட்கார்ந்து துவைத்த கல்லின்மேல் செந்நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மேற்கே மலையில் பெய்த மழை அது. தங்கள் தலைக்குமேல் என்ன நடக்கிறது என்று இந்த ஊரார் அண்ணாந்து பார்ப்பதில்லை. மேற்கே பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நமக்கு ஆறு ஏது? ஐப்பசி கார்த்திகையில் மாரி பெய்தால் குளம் நிரம்பும், கிணறு ஊறும், விதைத்தது முளைக்கும். பெய்யாவிட்டால் பட்டினி. வைகாசி, ஆனியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று கிளம்பினால், கிணற்றுக் கயிற்றுக்கு இன்னொரு முழம் சேர்த்து முடிச்சுப் போடுவோம். காற்று என்றால் வறட்சி என்றே நம் உடம்பு படித்திருக்கிறது. கடல் தாண்டி வேலைக்கு வருகிறவன் பெட்டியில் துணிமணியை மட்டுமா கொண்டு வருகிறான்? இந்தப் படிப்பையும் கட்டிக்கொண்டுதான் நானும் என் மனைவி தெய்வானையும் தூத்துக்குடியில் கப்பலிறங்கினோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அவளுக்கு முதல் பார்வையிலேயே ஆற்றைப் பிடித்துவிட்டது. இவ்வளவு தண்ணீரும் யாருக்கும் சொந்தமில்லையா என்று கேட்டாள்.

தை மாதம் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பங்குனியில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் ஆகாது. பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. புதைப்பதுதான் இங்கும் வழக்கம். ஆற்றோரம் மணல் மேடாக ஓர் இடம் இருந்தது. தண்ணீர் அப்போது எதிர்க்கரையோரம் நூலாக ஓடியது. பிள்ளை தண்ணீருக்குப் பக்கத்தில் கிடக்கட்டும், குளிக்க வரும்போது நான் பார்ப்பேன் என்று தெய்வானை சொல்லியனுப்பியிருந்தாள். கூட வந்த பக்கத்து வீட்டுச் சங்கரலிங்கம் பிள்ளை, கொஞ்சம் நிலமும் நிறைய வழக்கும் உள்ளவர், என் தோளைத் தொட்டார்.

“அங்கன வேண்டாம் வே. இன்னும் ரெண்டு மாசத்துல காத்து வந்துரும்லா. பைய மேலே கரைக்குப் போவோம்.”

காற்று வந்தால் மணல் கொஞ்சம் பறக்கும், மறுபடி அள்ளிப் போட்டால் போயிற்று என்று நினைத்தேன். பரவாயில்லை அண்ணாச்சி என்றேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். துக்கத்தில் இருப்பவனிடம் வாதாடக் கூடாது என்று விட்டிருப்பார். காற்று என்றால் ஆற்றில் வெள்ளம் என்பது அவருக்குச் சொல்லவேண்டிய சங்கதியே அல்ல. பிறந்தது முதல் தெரிந்தது.

சித்திரையில் அண்ணன் ஒரு புகையிலை வியாபாரியிடம் சொல்லியனுப்பினான். ஊரிலேயே எனக்கு வாத்தியார் வேலை பார்த்து வைத்திருக்கிறானாம், உடனே புறப்பட்டு வரவேண்டுமாம். எனக்கு உயிர் வந்தது. தெய்வானை ஒரேயடியாக மறுத்தாள். பிள்ளையைத் தனியே மணலில் விட்டுவிட்டு அவள் கப்பலேற மாட்டாளாம். தினமும் அங்கே போய் மணலைத் தடவிவிட்டு வருவாள். அதட்டினேன், கெஞ்சினேன், ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகு காற்று வந்தது. அவள் முகம் தெளிந்தது. இனி ஆறு இன்னும் வற்றும் என்று அவளும் நம்பினாள். ஒரு நாள் காலை, மேகமில்லாத நீல வானத்தின் கீழ், நாங்கள் இரண்டு பேரும் கரையில் நின்றோம். மேடு இல்லை. மணல் இல்லை. தண்ணீர் அவசரமே இல்லாமல் அதன்மேல் போய்க்கொண்டிருந்தது. தெய்வானை வானத்தைப் பார்த்தாள். அதில் குற்றம் சொல்ல ஒரு மேகம்கூட இல்லை. சங்கரலிங்கம் பிள்ளையும் வந்து நின்றார். அன்றே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊரெல்லாம் சந்தோஷம். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், கார் நெல் சாகுபடிக்கு வயலெல்லாம் நிறைந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது, அழுகையாகவும் வந்தது. சில நாள் பொறுத்து, இனி இங்கே நம்மைப் பிடித்து வைக்க என்ன இருக்கிறது, கப்பலுக்குச் சொல்லட்டுமா என்று தெய்வானையைக் கேட்டேன். வாய்க்கால் கரையில் நின்றிருந்தோம். அவள் வயல்களைக் காட்டினாள்.

“முந்தி ஒரு இடத்தை விட்டிட்டு வர ஏலாமல் கிடந்தது. அந்தத் தண்ணி இப்ப எல்லா வயலுக்குள்ளயும் போயிட்டுது. இனி எந்த இடத்தை விட்டிட்டு வாறது, சொல்லுங்கோ.”

வரவில்லை என்று அண்ணனுக்கு எழுதிவிட்டேன்.

மறுநாள் மாலை அவள் வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினாள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, காரணம் கேட்காமல், ஒரு நாற்று முடியை அவள் கையில் கொடுத்தாள். நம் ஊரில் நெல்லை விதைப்பதோடு சரி. பிடுங்கி நடுவது அவள் கண்டறியாத வேலை. நடவும் தெரியாமல், திருப்பிக் கொடுக்கவும் மனமில்லாமல், கெண்டைக்கால் அளவு அந்தத் தண்ணீரில் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.